சீட்டுக்கு அடியில் உருளும் சிவப்பு சிலிண்டர்

தார்ச்சாலையை விட்டு ஜீப் ஏரிக்கரை மண்பாதையில் இறங்கியதும் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும். டங், டங் என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் கேட்கும், இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். பழகிய ஓட்டுநர் குனிந்துகூடப் பார்க்கமாட்டார். வண்டி வாங்கிய கையோடு வாங்கிப் போட்ட தீயணைப்பு சிலிண்டர்தான் அது என்று அவருக்குத் தெரியும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், எண்ணெய் துடைக்கும் பழந்துணி இவற்றோடு அதுவும் ஒரு சாமானாகக் கிடக்கிறது.

அப்படி உருளும் சிலிண்டர் வந்து நிற்கக்கூடிய இடங்களில் ஒன்று பிரேக் பெடலின் அடிப்பக்கம். கரையிலிருந்து செங்குத்தாக இறங்கும்போது சரிவின் திசையிலேயே அதுவும் முன்னோக்கி உருளும். ஓட்டுநர் காலை அழுத்துவார், பெடல் பாதியில் நிற்கும். தீயிலிருந்து காப்பாற்ற வாங்கிய பொருள், தீயே இல்லாத ஒரு பகல் நேரத்தில் வண்டியைக் குளத்துக்குள் இறக்கிவிடும்.

சென்னையிலிருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கும், ஒன்று புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும், இன்னொன்று கிழக்கே மரக்காணத்துக்கும் போகிறது. இந்த நல்ல சாலைகளை விட்டு இரண்டு கிலோமீட்டர் விலகினால் போதும், நிலமே வேறு. திருவக்கரைப் பக்கம் கல் குவாரிகள், செஞ்சியைச் சுற்றிப் பாறைக்குன்றுகளும் முள்காடும், மரக்காணத்தில் உப்பளமும் கடல்மணலும், இடையில் நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வயல்கள். குவாரிக்குப் போகும் பொலேரோ, தோட்டத்துக்குப் போகும் பழைய மகிந்திரா ஜீப், ஞாயிற்றுக்கிழமை கரடுமுரடான பாதை தேடிப் போகும் தார், கூர்க்கா ஜீப்புகள், சம்பா அறுப்புக்கு வரும் அறுவடை மிஷின் என்று தார் காணாத இடத்தில் ஓடும் வண்டிகள் விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளம்.

இந்த வண்டிகளுக்குத் தீப்பிடிக்கும் காரணங்கள் சாலையில் மட்டும் ஓடும் காரைவிட அதிகம். குலுக்கலில் வயரின் மேலுறை தேய்ந்து இரும்பில் உரசும். கூடுதல் லைட், வின்ச் என்று பிறகு இழுத்த வயர்களுக்குப் பல நேரம் ஃப்யூஸ் இருக்காது. எரிபொருள் குழாயின் கிளிப் தளர்ந்து சொட்டும் டீசல், சூடான சைலன்சர் குழாய்மேல் விழும். எல்லாவற்றையும்விட எளிதில் மறக்கப்படுவது காய்ந்த புல். வெயிற்காலத்தில் வற்றிய ஏரிக்குள் கோரைமேல் ஓட்டிச் செல்லும் வண்டியின் அடியில் புல்லும் சருகும் சுருண்டு சைலன்சர் அருகே சிக்கிக்கொள்கின்றன. வண்டி ஓடும்வரை காற்று அடித்துக்கொண்டிருக்கும். நிழல் பார்த்து நிறுத்திய சில நிமிடங்களில் புகை எழும்பும்.

அப்போது 101க்கு போன் செய்யலாம், செய்யவும் வேண்டும். திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் ஊர்களில் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் தூரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு குன்றடிக்கு, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் வண்டி வந்துசேர 20 நிமிடம். மண்பாதையில் அந்த வேகமும் கிடையாது. எஞ்சின் அறையில் பிடித்த தீ டேஷ்போர்டைத் தாண்டி உள்ளே வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. எனவே முதல் ஒரு நிமிடம் வண்டியில் இருப்பவர்களுடையது. அந்த ஒரு நிமிடத்துக்கான கருவிதான் கைச் சிலிண்டர்.

அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே எரிந்ததில் 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 விடியலுக்கு முன் கர்னூல் அருகே ஒரு பேருந்து மோட்டார் சைக்கிள்மேல் மோதித் தீப்பிடித்ததில் பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்த 19 பேர் மாண்டார்கள். எரிபொருள் கொட்டிப் பரவிய அந்த அளவுத் தீயை ஒரு கைச் சிலிண்டர் அடக்கியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கிலோ பவுடர் கொண்ட சிலிண்டர் பீய்ச்சும் நேரம் ஏறக்குறைய 8 முதல் 10 வினாடி. பானட் இடுக்கில் புகை வரும் நிலையில் அது போதும். சீட் பற்றிய பிறகு போதாது. அதனால்தான் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது, எத்தனை வினாடியில் கைக்கு வரும் என்பது, அது என்ன கம்பெனி, என்ன விலை என்பதைவிடப் பெரிய கேள்வியாகிறது.

கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு. நன்றாகக் கட்டப்படாத சிலிண்டர் உள்ளே இருப்பவர்களை என்ன செய்யும்?

1977 மார்ச் 5. தென்னாப்பிரிக்காவின் கயலாமி பந்தயப் பாதையில் ஃபார்முலா ஒன் போட்டி. ரென்சோ சோர்சியின் கார் ஓரமாக நின்று சிறிதாகத் தீப்பிடித்தது. அவர் இறங்கிவிட்டார். எதிர்ப்பக்கம் இருந்த 19 வயதுத் தொண்டர் ஒருவர் கையில் கனமான தீயணைப்பு சிலிண்டரோடு பாதையைக் குறுக்கே கடந்து ஓடினார். மேட்டைத் தாண்டி வந்த டாம் பிரைஸின் கார் அவர்மேல் மோதியது. இளைஞர் அங்கேயே இறந்தார். அவர் கையிலிருந்த சிலிண்டர் பிரைஸின் தலையைத் தாக்கியது, வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த அந்த 27 வயது ஓட்டுநரும் இறந்துபோனார். அந்தச் சிறு தீயால் யாருக்கும் காயம் இல்லை. வேகமும் ஒரு இரும்புச் சிலிண்டரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

கயலாமியில் கார் சிலிண்டரை நோக்கிப் பாய்ந்தது. ஜீப்பில் சிலிண்டர் ஆளை நோக்கிப் பாயும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். அந்த வேகத்தில் வண்டி ஒரு புளியமரத்தில் மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் ஏறக்குறைய 24 மடங்கு விசையோடு முன்னோக்கி இழுக்கப்படும். இரண்டு கிலோ பவுடர் நிரப்பிய சிலிண்டர், உருளை இரும்பையும் சேர்த்து நான்கு கிலோ அளவுக்கு வரும். 24 மடங்கு என்றால் ஒரு குவிண்டாலை நெருங்குகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு, மாட்டியிருக்கும் கிளாம்புக்கும் போல்ட்டுக்கும் அதன் அடியிலுள்ள தகட்டுக்கும் உரியது.

கார் பந்தய உலகம் இதை எண்ணிப்பார்த்தே விதி எழுதியிருக்கிறது. உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ., ரேலி கார்களில் வைக்கும் சிலிண்டரின் பிடிமானம் 25 ஜி, அதாவது எடையைப்போல் 25 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. கணக்கில் வந்த 24க்குப் பக்கத்தில்தான் அந்த எண்ணும் நிற்கிறது. குறைந்தது இரண்டு உலோகப் பட்டைகள், சட்டென்று கழற்றக்கூடிய உலோகக் கொக்கி, கூடவே சிலிண்டர் பட்டைக்குள்ளிருந்து நீளவாக்கில் வழுக்கி வெளியே பாயாமல் தடுக்கும் ஒரு இரும்பு நாக்கு. இந்தக் கடைசிப் பொருளுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே டார்பிடோ இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பாயும் குண்டு. பட்டைகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வழவழப்பான உருளை அதன் நடுவே வழுக்கிப் பாய்ந்துவிடும் என்பதை அனுபவத்தில் கண்டு வைத்த பெயர்.

திண்டிவனத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் அது. பந்தயக் காரின் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை.

அந்தப் பந்தயத் தரத்தை ஒரு சாதாரண ஜீப்பில் கொண்டுவர முடியுமா? முடியும். பெரிய செலவும் இல்லை. வெல்டிங் பட்டறை, லேத் உள்ள எந்த ஊரிலும் இது அரைநாள் வேலை.

பலரும் முதலில் செய்வது தரைத் தகட்டில் துளை போட்டு செல்ஃப் ஸ்க்ரூ முடுக்குவது. வண்டியின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியே இருக்கும். ஸ்க்ரூவின் மரை பிடிப்பதற்கு அங்கே இடமே இல்லை. குலுக்கலில் துளை பெரிதாகி ஒருநாள் கையோடு வந்துவிடும். அதைவிட அபாயம், கீழே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் துளை போடுவது. பிரேக் குழாய், டீசல் குழாய், வயர்க் கட்டு எல்லாம் தரைக்கு அடியில்தான் போகின்றன. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் பெட்ரோல் டாங்கே ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கே டிரில்லரை வைத்தால் தீயணைப்பு சிலிண்டர் மாட்டும் வேலையே தீயில் முடியலாம்.

நல்ல இடம் சீட் போல்ட். விபத்தில் ஒரு முழு ஆளின் எடையைத் தாங்குவதற்காக, அந்தப் போல்ட்டுகள் இறங்கும் இடத்தைத் தொழிற்சாலையிலேயே பலப்படுத்தி இருப்பார்கள். சீட்டின் முன்பக்க இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள எம்.எஸ். பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதே தரத்தில் பட்டையின் கனம் அளவுக்கு மட்டும் நீளம் கூடிய போல்ட்டால் இறுக்கினால், சிலிண்டரை ஏற்றுவதற்கு அசையாத ஒரு மேடை கிடைத்துவிடும். புதிய துளை எதுவும் தேவையில்லை. புது வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட்பெல்ட் சென்சார் வயர்கள் போகும். சீட் முன்னும் பின்னும் நகரும்போது பட்டையில் அவை சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீட் போல்ட் தோதுப்படாத வண்டியில் தரையிலோ பக்கச் சுவரிலோ துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டின் மறுபக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகட்டை அணை கொடுத்து, எட்டு எம்.எம். போல்ட்டை உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டால் இறுக்க வேண்டும். அந்த போல்ட் தனியே பல நூறு கிலோ இழுவையைத் தாங்கும், கிழிவது எப்போதும் மெல்லிய தகடுதான். அணைத் தகடு அந்த இழுவையைப் பரப்பிவிடுகிறது. துளையின் விளிம்பில் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துரு அந்த வேலையைத் தொடங்கிவிடும்.

இன்று ஆன்லைனில் அழகாக விற்கும் ஒரு பொருள், ரோல் பாரில் சுற்றி ஒட்டும் வெல்க்ரோ உறை. படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். வானூர், திண்டிவனம் பக்கத்துச் செம்மண் புழுதி அதன் பிடிமானத்தில் நுழைந்துவிட்டால் ஒட்டும் தன்மை பாதியாகிவிடும். நைலான் பட்டை தீயில் உருகும். இவற்றைவிட முக்கியம், ரோல் பார் தலைக்கு அருகே இருக்கிறது. கரடான பாதையில் வண்டி ஒருக்களித்துச் சாய்வது நடக்கக்கூடிய காரியம். அந்த நேரத்தில் தலையருகே நான்கு கிலோ இரும்பு தொங்கக் கூடாது. சிலிண்டரின் இடம் தாழ்வாக, தொடை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முடிந்தால் வண்டியின் குறுக்குவாக்கில் படுத்திருக்க வேண்டும், அப்போது மோதலின் விசை உருளையைப் பட்டைக்குள்ளிருந்து நீளவாக்கில் உருவாது.

பின்கதவில் மாட்டுவோரும் உண்டு. பின்னாலிருந்து லாரி இடித்தால் கதவு திறக்காது. டிக்கியில், மூட்டைகளுக்கு அடியில் வைப்பதும் அப்படியே. சீட் பெல்ட் போட்டபடி கை நீட்டினால் எட்ட வேண்டும். பக்கத்தில் உட்காருபவருக்கும் எட்ட வேண்டும், ஏனென்றால் ஓட்டுநர் மயங்கியிருக்கலாம். கதவைத் திறந்து வெளியே நிற்பவர் குனிந்து எடுக்கவும் முடிய வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்ந்து பொருந்தும் இடம் ஒரு ஜீப்பில் அநேகமாக ஒன்றுதான், முன் சீட்டின் முன்விளிம்பு.

பட்டைக்கும் உருளைக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றுவது சின்ன வேலை, பெரிய பலன். இரும்பும் இரும்பும் உரசி பெயிண்ட் தேயாது, சத்தமும் நிற்கும்.

இந்த அக்கறையைச் சட்டம் எல்லோர்மேலும் சுமத்தவில்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. அவற்றில் முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் இடம்பெற்றன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், பள்ளி திறப்பதற்கு முன், மாவட்டந்தோறும் மைதானத்தில் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி போக்குவரத்து, காவல், கல்வித் துறை அதிகாரிகள் பார்வையிடுகிறார்கள். தீயணைப்பு வீரர்கள் ஓட்டுநர்களுக்கு சிலிண்டரை இயக்கிக் காட்டுகிறார்கள். நல்ல வழக்கம் இது. சொந்த ஜீப்புக்கு அப்படி யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

மாவட்டத்தில் இந்தப் பேச்சு மிகவும் தேவைப்படும் வண்டி உண்மையில் ஜீப்பும் அல்ல, அறுவடை மிஷின். பொங்கலை ஒட்டி சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் செயின் மிஷினும் டயர் மிஷினும் இரவு பகலாக ஓடும். பதரும் வைக்கோல் தூசும் எஞ்சின்மேல், சைலன்சர் வளைவில், பெல்ட் புல்லியின் இடுக்கில் பஞ்சுபோல் படிந்துகொண்டே இருக்கும். ஒரு பேரிங் சூடானால் போதும். சுற்றிலும் காய்ந்த வைக்கோல், மேலே உயரத்தில் ஓட்டுநர், இறங்குவதற்கு ஒரே ஏணி. இங்கே இரண்டு சிலிண்டர் வேண்டும். ஒன்று ஓட்டுநரின் கையருகே, மற்றொன்று தரையில் நிற்பவர் எட்டும் உயரத்தில் ஏணிப் பக்கம். இரண்டாவதுதான் பெரும்பாலும் பயன்படும், ஏனென்றால் புகையை முதலில் பார்ப்பவர் வரப்பில் நிற்கும் ஆள். மாலையில் வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் தூசியை ஊதித் தள்ளும் பழக்கம் இந்த இரண்டு சிலிண்டர்களையும்விட மதிப்புள்ளது.

என்ன சிலிண்டர் என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. ஐ.எஸ். 15683 முத்திரையுள்ள ஏ.பி.சி. பவுடர். துணி, ரப்பர், புல் போன்ற திடப்பொருள், டீசல், பெட்ரோல், காஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சிலிண்டர். அதிலிருக்கும் மோனோ அமோனியம் பாஸ்பேட் பவுடர் சூட்டில் உருகி எரியும் பொருள்மேல் ஒரு மேலோடாகப் படிகிறது, எரிதலின் வேதிச் சங்கிலியையும் அறுக்கிறது. கார்பன் டை ஆக்சைடு வகை, கூரை திறந்த ஜீப்பில் காற்றோடு போய்விடும். பவுடர் ஈரம் உறிஞ்சி உலோகத்தை அரிக்கும் என்பதால், தீ அணைந்து எஞ்சின் ஆறிய பிறகு சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

சாலைக்கு வெளியே ஓடும் வண்டிக்கு மட்டுமே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஓயாத குலுக்கலில் பவுடர் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கட்டத்திலேயே நிற்கும், அழுத்தினால் நைட்ரஜன் மட்டும் சீறி வெளியேறும், பவுடர் வராது. மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்து, உள்ளே மணல் சரிவதுபோல் பவுடர் நகர்வது கையில் உணரும்வரை தட்டிக் குலுக்க வேண்டும். சட்டென்று கழற்றக்கூடிய கொக்கி இல்லாத பிராக்கெட்டில் இதை யாரும் செய்யமாட்டார்கள். ஸ்பேனர் எடுத்து நான்கு நட்டு கழற்றி யார் மாதாமாதம் குலுக்குவது?

மரக்காணம், கழுவேலி பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு எதிரி. சிலிண்டரின் அடிவட்டத்திலும் பட்டையின் மடிப்பிலும் துரு முதலில் தெரியும். அடியில் துரு ஏறி மேல்தோல் உரிந்த சிலிண்டரை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருப்பது 15 பார் அழுத்தம், காரின் டயரில் இருப்பதைப்போல் ஆறேழு மடங்கு.

பயன்படுத்தும் விதம் நான்கு அசைவுகள்தான். எஞ்சினை நிறுத்தி, ஆட்களை இறக்கி, காற்று முதுகில் படும் பக்கம் நிற்பது. பின்னை இழுப்பது. குழாயைச் சுடருக்கு அல்ல, சுடரின் அடிவேருக்குக் காட்டுவது. அழுத்தி இடமும் வலமுமாக வீசுவது. பானட்டுக்குள் தீ என்றால் அதை முழுதாகத் திறக்கக் கூடாது, உள்ளே புகும் காற்று தீயை ஒரே மூச்சில் பெருக்கிவிடும். லிவரை இழுத்து விரற்கடை இடைவெளி மட்டும் விட்டு அதன் வழியே பீய்ச்ச வேண்டும். பவுடர் தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால் வண்டியை விட்டுவிட்டு விலகி ஓட வேண்டியதுதான்.

பிராக்கெட் மாட்டிய அன்றே பட்டறை வாசலில் ஒரு சோதனை செய்துவிடலாம். முதலில் சிலிண்டரை இரு கையாலும் பிடித்து முழு பலத்தோடு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்ப்பது. சிலிண்டர் தனியே அசையக் கூடாது, அசைந்தால் வண்டியே சேர்ந்து அசைய வேண்டும். பிறகு சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, புகையில் கண் தெரியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு, கொக்கியைத் தடவித் தட்டி சிலிண்டரை வெளியே எடுப்பது. பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் வெல்டரிடம், "அண்ணே, கொக்கியை இந்தப் பக்கம் திருப்பி வையுங்க" என்று சொல்வதற்கு அதுதான் நேரம். நட்டு தலையிலிருந்து பட்டைவரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை செஞ்சிக் காட்டுப்பாதை போய்த் திரும்பும்போது கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே நட்டு தளர்ந்தது தெரிந்துவிடும்.